டி.எஸ்.எச். 8.6 என்றால் மாத்திரை போதவில்லை என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு வயது 52, எடை 65 கிலோ. மதுரையில் பிறந்து, திருமணமாகி டர்பனுக்கு வந்தவள். இப்போது சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். தைராய்டு குறைவுக்காகப் பல வருடங்களாக எல்ட்ராக்சின் 100 மைக்ரோகிராம் சாப்பிடுகிறேன். போன வருடம் டி.எஸ்.எச். 2.3 இருந்தது. அக்டோபர் கடைசியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 8.6 என்று வந்திருக்கிறது. ஆனால் ஃப்ரீ டி4 14.1, அது நார்மல் என்றே போட்டிருக்கிறது. எங்கள் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு 125 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்தார். வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் ஆரம்பிக்கவில்லை. மெனோபாஸ் தொந்தரவுக்காக ஜூன் மாதத்திலிருந்து பெண்கள் நல மருத்துவர் கொடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுக்கிறேன். எலும்பு ஸ்கேனில் தேய்மானம் என்றதால் அவரே கால்சியமும் கொடுத்தார், காலைச் சாப்பாட்டோடு எடுக்கிறேன். காலை 6 மணிக்கு எல்ட்ராக்சின், அரை மணி கழித்துப் பால் டீ, 7 மணிக்குச் சாப்பாடு. அன்றைக்கும் அப்படியே எல்லாம் முடித்துவிட்டு 9 மணிக்கு ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் போயிருக்க வேண்டுமா? மதுரையில் எடுத்த பழைய ரிப்போர்ட்டில் ஃப்ரீ டி4 1.1 தான். இப்போது 14 ஆகிவிட்டதே, பயமாக இருக்கிறது. டி3 பார்க்காமல் எதுவும் தெரியாது என்று அக்கா சொல்கிறாள். சோர்வும் முடி கொட்டுவதும் அதிகமாக இருக்கிறது. முடிக்காக பயோட்டின் மாத்திரை வாங்கித் தந்திருக்கிறார்கள், சாப்பிடலாமா? புரட்டாசி முழுக்க சோயா மின்ஸ் நிறையச் சமைத்தோம், அதனாலும் இருக்குமா? எனக்கு நோய் முற்றிவிட்டதா? என் மகளுக்கு 27 வயது, அவளும் இதே மாத்திரை எடுக்கிறாள். கர்ப்பத் தடை மாத்திரையை நிறுத்தப்போவதாகச் சொல்கிறாள். அவள் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நோய் முற்றவில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். பல வருடமாக முழு டோஸ் மாத்திரை எடுப்பவரின் டி.எஸ்.எச். ஏறினால், பெரும்பாலும் சுரப்பிக்குப் புதிதாக ஒன்றும் நடந்திருக்காது. மாத்திரை முன்பு போல உடம்புக்குள் போய்ச் சேரவில்லை, அல்லது உடம்புக்கு முன்பைவிட அதிகம் தேவைப்படுகிறது. இந்த இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். உங்கள் கடிதத்தைப் படித்தால் இரண்டுமே சேர்ந்து நடந்திருப்பதாகத் தெரிகிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஜூன் மாதம்தான் இதில் முக்கியம்.

எண்களை முதலில் சரியாகப் படித்துக்கொள்வோம். டி4 என்பது தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன், உங்கள் எல்ட்ராக்சின் மாத்திரையில் இருப்பதும் அதுதான். ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் பங்குதான் ஃப்ரீ டி4. மதுரை ரிப்போர்ட்டில் இருந்த 1.1 நானோகிராம் கணக்கு, ஒரு டெசிலிட்டருக்கு இவ்வளவு என்பது. இங்கே தென்னாப்பிரிக்காவில் ஃப்ரீ டி4-ஐ லிட்டருக்கு எத்தனை பிகோமோல் என்று போடுவார்கள். முதல் கணக்கை இரண்டாவதாக மாற்ற 12.87ஆல் பெருக்க வேண்டும். 1.1ஐப் பெருக்கினால் 14.2 வரும். ஆக, மதுரையில் இருந்ததும் இங்கே வந்ததும் ஏறக்குறைய ஒரே அளவுதான். டி.எஸ்.எச். அளவுக்கு இந்தச் சிக்கல் இல்லை, இரண்டு நாட்டிலும் அதே எண்தான் வரும். ஊர் மாறி ரிப்போர்ட்டுகளை ஒப்பிடும்போது எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அளவையும், அந்த லேப் கொடுத்திருக்கும் நார்மல் வரம்பையும் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். சொந்த ஊரில் ஒரு ரிப்போர்ட், இங்கே ஒரு ரிப்போர்ட் என்று வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் இதனாலேயே தேவையில்லாமல் பயப்படுகிறார்கள்.

சரி, ஃப்ரீ டி4 நார்மலாக இருக்கும்போது டி.எஸ்.எச். ஏன் ஏற வேண்டும்? டி.எஸ்.எச். தைராய்டிலிருந்து வருவது இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, "இன்னும் ஹார்மோன் வேண்டும்" என்று தைராய்டைக் கூப்பிடும் குரல் அது. கூப்பிட்ட பிள்ளை பதில் சொல்லாவிட்டால் அம்மாவின் குரல் ஏறிக்கொண்டே போகும் இல்லையா, அப்படித்தான் இதுவும். ரத்தத்தில் டி4 சின்ன அளவு குறைந்தாலே டி.எஸ்.எச். பல மடங்கு ஏறிவிடும். டி4 வரம்பைத் தாண்டிக் கீழே போவதற்கு முன்பே பிட்யூட்டரிக்குத் தெரிந்துவிடும். லேப் போடும் 12 முதல் 22 என்ற வரம்பு ஊருக்கெல்லாம் பொதுவானது. உங்கள் உடம்புக்கு 16 பழக்கமாக இருந்திருந்தால், 13 என்பது வரம்புக்குள் இருந்தாலும் உங்களுக்குக் குறைவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் 6 மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு 9 மணிக்கு ரத்தம் கொடுத்திருக்கிறீர்கள். மாத்திரை விழுங்கிய பிறகு இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில்தான் ரத்தத்தில் ஃப்ரீ டி4 உச்சத்துக்குப் போகும். வழக்கமான அளவைவிட 15, 20 சதவீதம் வரைகூட ஏறலாம். அதனால் உங்கள் 14.1 அன்றைய நாளின் உச்ச அளவாக இருக்க வாய்ப்பு அதிகம். மாத்திரைக்கு முன்னால் எடுத்திருந்தால் 12க்குப் பக்கத்தில், வரம்பின் அடிவிளிம்பில் இருந்திருக்கலாம். டி.எஸ்.எச். ஒரு வேளை மாத்திரைக்கெல்லாம் அசையாது. கடந்த ஆறு வாரங்களாக உடம்புக்கு எவ்வளவு ஹார்மோன் கிடைத்தது என்பதை அது காட்டும். இரண்டும் ஒத்துவராதபோது, உங்களைப் போல மாத்திரையை மட்டும் நம்பியிருப்பவர்களிடம் நான் டி.எஸ்.எச். சொல்வதைத்தான் நம்புவேன்.

அதனால் அடுத்த முறை ரத்தம் கொடுக்கப் போகும் காலையில் எல்ட்ராக்சினைப் பையில் எடுத்துப் போங்கள். ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். பட்டினி கிடக்கத் தேவையில்லை, தைராய்டு பரிசோதனைக்குச் சாப்பாடு தடை இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போங்கள். டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் உயர்ந்தும், பிற்பகலில் தாழ்ந்தும் இருக்கும். ஒரு முறை காலை 8 மணி, அடுத்த முறை மாலை 3 மணி என்று கொடுத்தால் வரும் வித்தியாசம் நோயினால் வந்ததாகத் தோன்றிவிடும்.

இப்போது ஜூன் மாதத்துக்கு வருகிறேன்.

வாய் வழியாகச் சாப்பிடும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே தைராய்டு ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தை அதிகமாக உற்பத்தி செய்ய வைக்கிறது. அந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்ட ஹார்மோன் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் செல்களுக்குப் பயன்படாது. ஆரோக்கியமான தைராய்டு உள்ளவருக்கு இது பிரச்சினையே இல்லை. சுரப்பி கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். உங்கள் சுரப்பியால் அது முடியாது. வெளியிலிருந்து வரும் அதே 100 மைக்ரோகிராமில் ஒரு பங்கு இந்தப் புரதத்திடம் போய்விடுகிறது. தைராய்டு மாத்திரை எடுக்கும் பெண்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கினால் அவர்களில் பலருக்கு டோஸ் கூட்ட வேண்டியிருக்கும் என்று 2001ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால்தான் ஈஸ்ட்ரோஜன் தொடங்கி ஏறக்குறைய 12 வாரம் கழித்து டி.எஸ்.எச். பார்க்கச் சொல்கிறோம். உங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் எழுதியவர் ஒரு மருத்துவர், தைராய்டைப் பார்ப்பவர் இன்னொருவர். இரண்டு பேருக்கும் நடுவில் இந்தத் தகவலைக் கொண்டுபோகும் ஒரே ஆள் நீங்கள்தான். ஜி.பி.யிடம் ஈஸ்ட்ரோஜன் பற்றியும் கால்சியம் பற்றியும் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. சொல்லவில்லை என்றால் இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். அவர் வெறும் 8.6 என்ற எண்ணை வைத்து எடுத்த முடிவு இதைக் கேட்டபின் மாறக்கூடும்.

இதோடு தொடர்புள்ள ஒரு விஷயம். யாராவது உங்களுக்கு ஃப்ரீ டி4 இல்லாமல் மொத்த டி4 மட்டும் எழுதிக் கொடுத்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் எடுப்பவருக்குப் புரதம் பிடித்து வைத்திருக்கும் ஹார்மோனும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். மொத்த டி4 உயர்ந்து தெரியும். உள்ளே உடம்பு பற்றாக்குறையில் இருக்கும்போதே, "தைராய்டு அதிகமாக இருக்கிறது, டோஸைக் குறையுங்கள்" என்று தலைகீழாக முடிவெடுக்க அது இடம் கொடுத்துவிடும்.

தோலில் ஒட்டும் பேட்ச், தடவும் ஜெல் ஆகிய வடிவங்களில் ஈஸ்ட்ரோஜன் எடுத்தால் கல்லீரலை இந்த அளவுக்குத் தொடுவதில்லை. தைராய்டு டோஸை அது பெரிதாகக் கலைக்காது. ரத்தக்கட்டி ஏற்படும் ஆபத்திலும் மாத்திரையைவிடப் பேட்ச் பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. மாற்றுவது உங்களுக்குப் பொருந்துமா என்று பெண்கள் நல மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எலும்பு தேய்ந்திருக்கும் உங்களுக்கு ஈஸ்ட்ரோஜனால் நல்ல பயன் இருக்கிறது. அப்புறம், மாற்றினால் அதையும் ஜி.பி.யிடம் சொல்ல வேண்டும். ஏனென்றால் மாத்திரையை விட்டுப் பேட்சுக்குப் போகும்போது தைராய்டு தேவை திரும்பக் குறையும்.

அடுத்தது கால்சியம். இதுதான் உங்கள் கடிதத்தில் உடனடியாகத் திருத்தக்கூடியது. தைராக்சின் குடலில் உறிஞ்சப்படுவதற்குள் கால்சியம் வந்து சேர்ந்தால், இரண்டும் ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும். இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உங்களுக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, அதற்கும் நடுவில் பால் டீ வேறு. இரும்புச் சத்து மாத்திரைக்கும், இரும்பும் கால்சியமும் கலந்த மல்டிவிட்டமினுக்கும், அலுமினியம், மெக்னீசியம் உள்ள நெஞ்செரிச்சல் மருந்துகளுக்கும் இதே விதிதான். ஒமெப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகள் வேறு வழியில் உறிஞ்சுதலைக் குறைக்கும். அதை நீங்கள் எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. எடுத்தால் ஜி.பி.யிடம் சொல்ல வேண்டிய பட்டியலில் அதையும் சேருங்கள்.

கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கோ இரவுச் சாப்பாட்டுக்கோ மாற்றுங்கள். பெரும்பாலான கால்சியம் மாத்திரைகள் கார்பனேட் வகை, அவை சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாகச் சேரும். அதனால் எலும்புக்கும் நஷ்டம் இல்லை. எல்ட்ராக்சினை 6 மணிக்குத் தண்ணீரில் மட்டும் விழுங்குங்கள். டீயை 7 மணிக்குத் தள்ளிப் போடுங்கள். எழுந்தவுடன் டீ இல்லாமல் முடியாது என்று பலர் சொல்வார்கள், அது எனக்குத் தெரியும். அப்படியானால் இன்னொரு வழி இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது எல்ட்ராக்சின் எடுக்கலாம். அதுவும் காலை மாத்திரைக்குக் குறையாமல் வேலை செய்கிறது. ஆனால் அப்போது கால்சியம் இரவுக்கு வரக் கூடாது, மதியத்துக்குப் போக வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதிலேயே நில்லுங்கள். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் இரவு என்று மாற்றிக்கொண்டிருந்தால் எந்த ரிப்போர்ட்டையும் நம்ப முடியாமல் போகும்.

புரட்டாசியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சோயாப் புரதமும் தைராக்சின் உறிஞ்சப்படுவதைக் கொஞ்சம் தடுக்கக்கூடியதுதான். நம் வீடுகளில் புரட்டாசி முழுவதும் அசைவத்தை விட்டுவிட்டு, சோயா மின்ஸ் கறி, சோயா மின்ஸ் சமோசா என்று வாரத்தில் பல நாள் அதுவே ஓடும். ஆனால் மதியமும் இரவும் சாப்பிடும் சோயா, காலை 6 மணி மாத்திரையை அவ்வளவாகத் தொடாது. காலைச் சாப்பாட்டுக்கு சோயாப் பால் குடித்திருந்தால் அது வேறு. உங்கள் விஷயத்தில் நான் அதை முதல் குற்றவாளியாக நினைக்கவில்லை. விரதத்தை விடவும் வேண்டாம், சோயாவை விடவும் வேண்டாம். காவடி விரதமானாலும் சரி, சஷ்டியானாலும் சரி, விரத நாளில் தண்ணீரோடு ஒரு மாத்திரை விழுங்குவதை நிறுத்திவிடாதீர்கள். விரதம் என்று பத்து நாள் தைராய்டு மாத்திரையை நிறுத்தியவர்களை நான் ஆலோசனை அறையில் பார்த்திருக்கிறேன். இந்த ஹார்மோன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் ஆகும் என்பதால் உடனே ஒன்றும் தெரியாது. அடுத்த மாதப் பரிசோதனையில் தெரியும்.

அந்த ஏழு நாள் கணக்கு வேறு ஒன்றையும் விளக்கும். டோஸை மாற்றினாலும், நேரத்தை மாற்றினாலும், பார்மசியில் மாத்திரையின் பிராண்டை மாற்றினாலும், அதன் முழு விளைவு தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் பொறுமை இழந்து ரத்தம் கொடுத்தால் வருவது பாதி வழியில் நிற்கும் எண். பிராண்டைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் மலிவான மாற்று மருந்து இருந்தால் அதைப் பற்றி நோயாளியிடம் சொல்ல வேண்டியது பார்மசிஸ்டின் சட்டப்படியான கடமை. மாற்று மருந்து கெட்டதில்லை. மாற்றினால் தேதியைக் குறித்து வையுங்கள், ஆறு வாரம் கழித்து ஒரு டி.எஸ்.எச். பாருங்கள், அவ்வளவுதான். மாத்திரையை அதன் டப்பாவிலேயே வையுங்கள். டர்பனின் ஜனவரி, பிப்ரவரி ஈரப்பதத்தில் குளியலறை அலமாரியும் காரின் டாஷ்போர்டும் இந்த மருந்துக்கு ஆகாத இடங்கள்.

சரி, வாங்கி வைத்திருக்கும் 125ஐ என்ன செய்வது? என் கருத்தைச் சொல்கிறேன், முடிவு உங்கள் ஜி.பி.யுடையது. 65 கிலோ எடைக்கு 100 மைக்ரோகிராம் என்பது குறைவான டோஸ் இல்லை. முழுமையாக மாத்திரையை நம்பியிருப்பவருக்கு கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று நாங்கள் போடும் கணக்கில் அது ஏறக்குறைய சரியான அளவு. கால்சியத்தை நகர்த்துவதும் டோஸை 25 கூட்டுவதும் ஒரே நாளில் நடந்தால், இரண்டு திருத்தமும் சேர்ந்து தேவைக்கு மேல் போய்விடலாம். டி.எஸ்.எச். 0.1க்குக் கீழே இறங்கி அங்கேயே கிடந்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பு இன்னும் தேயும். மாதவிடாய் நின்ற, ஏற்கெனவே எலும்பு தேய்ந்த ஒருவருக்கு அந்தப் பக்கம் போவதுதான் எனக்குக் கவலை. 8.6 என்பது அவசரம் இல்லை. ஆகவே முதலில் கால்சியத்தையும் டீயையும் நகர்த்தி, 100லேயே இருந்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுப்பதையே நான் விரும்புவேன். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடரும்வரை உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் டோஸ் தேவைப்படும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது முழுசாக 25 தானா, அல்லது ஒரு நாள் 100, ஒரு நாள் 125 என்று பாதி கூட்டினால் போதுமா என்பது அப்போது தெரியும்.

ஈஸ்ட்ரோஜன், கால்சியம் எல்லாவற்றையும் கேட்ட பிறகும் ஜி.பி. "125ஐயே தொடங்குங்கள்" என்றால் தொடங்குங்கள். உங்களை நேரில் பார்ப்பவர் அவர். உங்கள் சோர்வின் அளவும் இதயத்தின் நிலையும் அவருக்குத் தெரியும். அப்போதும் ஆறு வாரத்தில் பரிசோதனை உண்டு. படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாமல் எடை குறைவது என்று ஏதாவது வந்தால் அந்த ஆறு வாரம்வரை காத்திருக்காமல் அவரிடம் போங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

டி3 (டி4 உடம்பில் மாறி உருவாகும் இன்னொரு தைராய்டு ஹார்மோன்) பற்றி அக்கா சொன்னது அன்பினால் சொன்னது, ஆனால் உங்களுக்கு அது உதவாது. தைராக்சின் மாத்திரை எடுப்பவருக்கு டோஸ் கொஞ்சம் குறைந்தாலும் டி3 பெரும்பாலும் நார்மலாகவே தெரியும். அதைப் பார்த்து "எல்லாம் சரி" என்று நினைத்துவிடும் ஆபத்துதான் அதிகம். தைராய்டு எதிர்ப்புப் புரதங்களையும் ஒவ்வொரு முறையும் பார்க்கத் தேவையில்லை. நோய் எதனால் வந்தது என்று ஒரு முறை தெரிந்துகொள்ளத்தான் அது. அதன் எண் ஏறினாலும் இறங்கினாலும் டோஸ் மாறாது.

பயோட்டின் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். இப்போதைக்குத் தொடாதீர்கள். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம்தான். முடிக்காக விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம் இருக்கும். அது உங்கள் தைராய்டை ஒன்றும் செய்யாது, ஆனால் லேப் எந்திரத்தை ஏமாற்றும். பல லேப்கள் ஹார்மோனை அளக்கும் முறையிலேயே பயோட்டின் ஒரு பாகம். ரத்தத்தில் அது அதிகமாக மிதந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் ஃப்ரீ டி4 பொய்யாக உயர்ந்தும் வரும். உங்களைப் போன்றவருக்கு அது மோசமான பொய். உண்மையில் 8.6 இருக்கும்போது ரிப்போர்ட் 2 என்று காட்டலாம், எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள், உங்கள் சோர்வு மட்டும் அப்படியே இருக்கும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் பரிசோதனையையும் இது கெடுக்கும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017ல் எச்சரிக்கை விட்டது. ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டிருந்தால் பரிசோதனைக்கு இரண்டு நாளாவது முன்னால் நிறுத்துங்கள், ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள். முடி கொட்டுவதற்கு டி.எஸ்.எச். ஏறியதே காரணமாக இருக்கலாம். அது சரியானால் முடி கொட்டுவதும் நிற்கும், ஆனால் சில மாதம் பிடிக்கும். இரும்புச் சத்தின் சேமிப்பான ஃபெரிட்டினையும் ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

கடல்பாசி மாத்திரையோ அயோடின் சொட்டோ யாராவது சிபாரிசு செய்தால் அதையும் மறுத்துவிடுங்கள். இங்கே கடையில் விற்கும் சமையல் உப்பில் அயோடின் சேர்ப்பது 1995 முதல் கட்டாயம். உங்களுக்கு அயோடின் குறைவு இருக்க வாய்ப்பில்லை. அதிக அயோடின் தைராய்டைக் கெடுக்கத்தான் செய்யும்.

திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கும் செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஒன்று. தைராய்டு குறைவு, இந்த நாட்டில் மெடிக்கல் எய்ட்கள் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள்) கட்டாயம் செலவை ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்கள் பட்டியலில் இருக்கிறது. அதன் பரிசோதனைகளும் அதற்குள் வரும். அதற்கு ஜி.பி. மூலம் உங்கள் நோயை மெடிக்கல் எய்டில் பதிவு செய்திருக்க வேண்டும். பலர் வருடக்கணக்கில் பதிவு செய்யாமலேயே மெடிக்கல் எய்டில் உள்ள தங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுடையது பதிவாகியிருக்கிறதா என்று போன் செய்து கேளுங்கள்.

மகளைப் பற்றி. அவள் எடுக்கும் கர்ப்பத் தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருந்தால், உங்களுக்கு ஜூனில் நடந்தது அவளுக்குத் திருப்பிப் போட்டதுபோல் நடக்கும். கர்ப்பத் தடை மாத்திரையை நிறுத்தியதும் ஹார்மோனைப் பிடித்து வைக்கும் அந்தப் புரதம் குறையும், தைராய்டு மாத்திரையின் தேவையும் குறையும். ஆகவே நிறுத்திய ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஒரு டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். ப்ரோஜெஸ்டிரோன் மட்டும் உள்ள மாத்திரையோ ஊசியோ என்றால் இந்தப் பிரச்சினை கிடையாது. குழந்தைக்கு முயற்சி செய்வதாக இருந்தால் டி.எஸ்.எச். 2.5க்குக் கீழே வந்த பிறகு தொடங்குவது நல்லது. கர்ப்பம் உறுதியான பிறகு தேவை சட்டென்று ஏறும். முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. அதனால் மகப்பேறு மருத்துவரின் முதல் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. வாரத்துக்கு 7 மாத்திரை எடுப்பவர் கர்ப்பம் தெரிந்தவுடன் 9 ஆக்குவது வழக்கம். அதை இப்போதே அவள் தன் மருத்துவரிடம் பேசி, என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளட்டும். கர்ப்பகால விட்டமின் மாத்திரைகளில் இரும்பும் கால்சியமும் இருக்கும். அந்த நான்கு மணி நேர இடைவெளி அவளுக்கும் உண்டு.